பதின்மூன்றும் பத்தும்

டைப்ரைட்டிங்கில் 'லோயர்' பாஸ் பண்ணினவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். வயது தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். நானும் அந்த கோஷ்டிதான்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் ஏதாவது ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருக்கும். காலை ஆறு மணி பேட்ச்சுக்குப் போனால் ரெமிங்டன், ஹால்டா, கோத்ரெஜ் என்று வரிசையாக மெஷின்கள் ஆலங்கட்டி மழை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். வரி முடியப் போகிறது என்றால் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். உடனே இடது கையால் ஒரு நெம்புகோலை வலப்பக்கம் தள்ள வேண்டும். 'சர்ர்ர்' என்று காகிதம் சுற்றிய வண்டி முழுவதும் நகர்ந்து, அடுத்த வரியின் ஆரம்பத்துக்கு வந்து நிற்கும்.

அந்த ஒரு தள்ளலில் இரண்டு காரியங்கள் நடந்தன. உருளை கொஞ்சம் திரும்பி காகிதம் ஒரு வரி மேலே ஏறியது. வண்டி வரியின் தொடக்கத்துக்குத் திரும்பியது. இரண்டும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை. தள்ளினால் அடுத்த வரி, அவ்வளவுதான். இவை இரண்டும் தனித்தனி என்கிற சமாசாரம் பல வருஷம் கழித்து ஒரு பையனின் வேலைக்கு உலை வைத்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

2012-ம் வருஷம். சேலம் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் நண்பர் ஒருவர். பத்து ஊர்களில் கிளைகள். ஒவ்வொரு கிளையும் அன்றைய எல்.ஆர். விவரம், வசூல், டிரைவர் பேட்டா இத்யாதிகளை சாயங்காலம் அனுப்பிவிடும். தலைமை ஆபீஸின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஊருக்கு ஒரு ஃபோல்டர். "ராத்திரி ராத்திரி அத்தனையையும் இன்னொரு டிஸ்க்குல நகல் எடுக்கற மாதிரி ஏதாவது பண்ணிக் குடுங்க சார்" என்றார். பண்ணிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. (வாங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுப்பாக எழுதியிருப்பேனோ என்னவோ.)

எனக்குப் பழக்கமானது யுனிக்ஸ். அதில் 'ஷெல் ஸ்கிரிப்ட்' என்று ஒன்று உண்டு. பெரிய வித்தை எதுவும் இல்லை. ஊருக்குப் போகும்போது வேலைக்காரம்மாவுக்கு 'பால் வாங்கு, செடிக்குத் தண்ணி ஊத்து, கதவைப் பூட்டு' என்று எழுதிவைத்துப் போகிறோமே, அந்த மாதிரி கம்ப்யூட்டருக்கு எழுதிவைக்கும் சீட்டு. யுனிக்ஸ் சீட்டு விண்டோஸுக்குப் புரியாது. அதற்காகவே ஸிக்வின் என்று ஓர் ஏற்பாடு 1995-லிருந்து இருக்கிறது. யுனிக்ஸை விண்டோஸில் வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்து வைக்கும். மாப்பிள்ளை அந்த வீட்டில்தான் சாப்பிடுவார், தூங்குவார். ஆனால் பழக்கவழக்கம் மட்டும் தன் பிறந்த வீட்டுப் பழக்கம்.

என் சீட்டு இப்படி. ஒரு சின்ன ஃபைலில் வரிக்கு ஒன்றாக ஊர்ப் பெயர்கள், ஆங்கிலத்தில். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பெயராக எடுக்கும். அந்தப் பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் நகல் எடுக்கும். எல்லா ஊரும் ஆனதும் தேதி போட்டு 'முடிந்தது' என்று எழுதிவைத்துவிட்டுப் படுத்துவிடும்.

ஃபோல்டர் இல்லாவிட்டால்? சும்மா அடுத்த ஊருக்குப் போய்விடும். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் விழுப்புரத்தில் புதுக் கிளை திறந்தார்கள். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள ஒரு பையன் இருந்தான். பி.எஸ்ஸி. முடித்து, ஏழாயிரம் சம்பளத்தில் முதல் வேலை. "லிஸ்ட்ல ஒரு ஊரைச் சேர்க்கணும், அவ்வளவுதாம்ப்பா" என்று போனில் சொல்லிவிட்டேன். அவன் அந்தப் பட்டியலை நோட்பேடில் திறந்தான். பத்து ஊரும் கூட்ஸ் வண்டி மாதிரி இடைவெளி இல்லாமல் ஒரே வரியில் கோத்துக்கொண்டு நின்றன. சுத்தமான பையன். யாரோ கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆத்தூர் என்டர், சென்னை என்டர், திண்டுக்கல் என்டர் என்று திருச்சி வரைக்கும் திரும்ப அடித்தான். கடைசியாக விழுப்புரம். சேவ் பண்ணினான். மூடினான்.

எழுபத்து மூன்று நாள் கழித்து டிஸ்க் செத்தது. டிஸ்க் பிரித்துப் பார்க்கிற கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அதனால் என்ன, நம் நகல் இருக்கிறதே என்று திறந்தால், விழுப்புரம் மட்டும் நேற்று ராத்திரி வரைக்கும் அட்சர சுத்தமாக இருந்தது. மற்ற பத்து ஊரும், பையன் பட்டியலைத் தொட்ட தேதியோடு நின்றுபோயிருந்தன. எழுபத்து மூன்று ராத்திரியும் 'முடிந்தது', 'முடிந்தது' என்று ஸ்கிரிப்ட் மட்டும் தவறாமல் எழுதியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பையன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

"நீ சேர்த்த ஊர் மட்டும் எப்படிடா வந்திருக்கு? மத்த ஊரை எல்லாம் நீதானே எடுத்துட்டே?"

"நான் எடுக்கலை சார். லிஸ்ட்ல எல்லாமே இருக்கு சார், பாருங்க."

"இப்ப இருக்கும். விஷயம் தெரிஞ்சதும் திரும்ப எழுதி வெச்சிருப்பே."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பதினொரு ஊரும் முத்து முத்தாக இருந்தன. ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியது அப்படியே இருந்தது. "ஸ்கிரிப்ட்ல தப்பு எதுவும் இல்லையே" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வார்த்தைக்கு அந்த அறையில் வேறு அர்த்தம் இருந்தது. பையன் அன்று மத்தியானமே சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ராத்திரி லாட்ஜ் ரூமில் தூக்கம் வரவில்லை. ஏன் கடைசி ஊர் மட்டும்? வேண்டுமென்றே கெடுக்கிறவன் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிற மாதிரி, தான் சேர்த்ததை மட்டும் விட்டுவைப்பானா? பட்டியலை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்திருந்தேன். யுனிக்ஸில் 'கேட்' என்று ஒரு கட்டளை, ஃபைலில் இருப்பதைத் திரையில் காட்டும். அதற்குப் பின்னால் 'மைனஸ் ஏ' போட்டால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்களையும் உரித்துக் காட்டும். தட்டினேன்.

ஆத்தூர், அதன் வாலில் தலையில் தொப்பி வைத்த ஓர் 'எம்'. சென்னை, தொப்பி எம். திண்டுக்கல், தொப்பி எம். இப்படி வரிசையாகப் பத்து ஊருக்கும். விழுப்புரத்துக்கு மட்டும் இல்லை. ஏனென்றால் கடைசி ஊரை அடித்ததும் பையன் என்டர் தட்டவில்லை.

இந்த 'எம்' எங்கிருந்து வந்தது என்பதற்கு மறுபடி டைப்ரைட்டருக்குப் போக வேண்டும்.

தந்திக் கம்பியின் வழியாக தூரத்தில் இருக்கும் டைப்ரைட்டரை இயக்கலாம் என்று ஆனபோது, நெம்புகோலைத் தள்ள அங்கே யார் கையும் இல்லை. அதையும் கம்பி வழியாகத்தான் சொல்லியாக வேண்டும். டொனால்ட் மரே என்பவர் 1901-ல் தந்திக் குறியீட்டைத் திருத்தி அமைத்தபோது 'வண்டியே திரும்பு' என்பதற்கு ஒரு குறி, 'காகிதமே ஏறு' என்பதற்கு ஒரு குறி என்று இரண்டைச் சேர்த்தார். 1963-ல் வந்த ஆஸ்கி என்ற எண் வரிசையில் வண்டி திரும்புவதற்குப் பதின்மூன்று, காகிதம் ஏறுவதற்குப் பத்து என்று ஆனது. ஆங்கில எழுத்துக்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பதின்மூன்றாவது எழுத்து 'எம்'. தொப்பிக்கார எம் என்பது பதின்மூன்றின் மாறுவேஷம்.

அதே வருஷம் வந்த டெலிடைப் 33 என்கிற மெஷின் செகண்டுக்குப் பத்து எழுத்து அடிக்கும். வரிக் கடைசியிலிருந்து வண்டி திரும்பி வர ஓர் எழுத்து அடிக்கிற நேரம் போதாது. அடுத்த எழுத்தை அவசரப்பட்டு அனுப்பினால் வண்டி பாதி வழியில் வரும்போதே காகிதத்தின் நடுவில் அச்சாகித் தொலைக்கும். அதனால் முதலில் பதின்மூன்று, பிறகு பத்து. காகிதம் ஏறுகிற நேரத்தில் வண்டி ஊர் வந்து சேர்ந்துவிடும். மாப்பிள்ளை அழைப்பு லேட்டானால் நாதஸ்வரக்காரர் இன்னொரு உருப்படி வாசித்து சமாளிப்பார் இல்லையா, அந்த மாதிரி.

கம்ப்யூட்டர்காரர்கள் இங்கேதான் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் எழுத ஆரம்பித்தபோது, அதற்கு முந்தைய மல்டிக்ஸைப் பின்பற்றி, ஃபைலுக்குள் பத்து ஒன்றே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். மெஷினில் அச்சடிக்கும்போது வேண்டுமானால் பதின்மூன்றைச் சேர்த்து அனுப்பிக்கொள்ளலாம். மெஷினின் கஷ்டம் மெஷினோடு, ஃபைலுக்கு அது எதற்கு என்ற வாதம். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. அந்தப் பக்கம் கேரி கில்டால் எழுதிய ஸிபிஎம், பதின்மூன்று-பத்து இரண்டையும் ஃபைலுக்குள்ளேயே வைத்தது. அதைப் பார்த்து 1981-ல் டாஸ், அதன் பின்னால் விண்டோஸ். ஆப்பிள் மக்கின்டாஷ்காரர்கள் பத்து வேண்டாம், பதின்மூன்று மட்டும் போதும் என்று மூன்றாவது கட்சி நடத்திவிட்டு, 2001-ல் மாக் ஓஎஸ் டென் வந்தபோது யுனிக்ஸ் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

ஆக, விண்டோஸில் உட்கார்ந்து பையன் ஒவ்வொரு முறை என்டர் தட்டியபோதும், அந்த அறையில் எங்கும் இல்லாத ஒரு டைப்ரைட்டரின் வண்டியைத் தள்ளியிருக்கிறான். பத்தைப் பார்த்தால் 'வரி முடிந்தது' என்று எடுத்துக்கொள்ளும் யுனிக்ஸ் மாப்பிள்ளை, பதின்மூன்றை என்ன செய்வார்? அதுவும் ஊர்ப் பெயரின் கடைசி எழுத்து போலிருக்கிறது என்று வைத்துக்கொண்டார். சேலம் என்று ஃபோல்டர் இருக்கிறது. 'சேலம்-பதின்மூன்று' என்று இருக்கிறதா? இல்லை. சரி, அடுத்த ஊர். ஈரோடு-பதின்மூன்று? இல்லை. விழுப்புரம்? ஆ, இருக்கிறது! பையன் திறந்தபோது பத்து ஊர் ஒட்டிக்கொண்டு நின்றதும் இதே தகராறுதான், தலைகீழாக. என் பட்டியலில் பத்து மட்டும் இருந்தது. அந்தக் கால நோட்பேடுக்குப் பதின்மூன்று கூட வராவிட்டால் அது வரி முடிவே இல்லை.

உண்மையில் எனக்கு இந்த பூதம் பழைய சிநேகிதம். சில சமயம் கூச்சல் போட்டுக்கொண்டு வரும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில், 'இதை பேஷ் என்கிற புரோகிராமிடம் கொடு' என்று எழுதுவது வழக்கம். அங்கே பதின்மூன்று ஒட்டிக்கொண்டால், பேஷ் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போதே 'அப்படி ஃபைலே இல்லை' என்று லினக்ஸ் சாதிக்கும். இன்னொரு தமாஷ், பிழைச் செய்தி தன்னைத்தானே விழுங்கும். 'இந்த ஃபோல்டர்' என்று பாதி வாக்கியத்தை அச்சடித்ததும் நடுவில் அந்தப் பதின்மூன்று வரும். திரை இன்றும் அதற்குக் கட்டுப்பட்டு வரியின் ஆரம்பத்துக்குப் போய், மீதியை முன்பாதியின் மேலேயே எழுதும். எந்த ஃபோல்டர் என்பதே அழிந்துபோகும். குற்றவாளி தன் பெயரைத் தானே எஃப்.ஐ.ஆரிலிருந்து அடித்துவிட்டுப் போகிற மாதிரி. இதையெல்லாம் பத்துப் பேருக்கு நான் வகுப்பெடுத்திருக்கிறேன். அன்று மத்தியானம் மட்டும் தோன்றவில்லை. பையன்தான் தப்பு பண்ணியிருப்பான் என்று மனசு முன்னாடியே முடிவு பண்ணிவிட்டிருந்தது.

காலையில் முதலாளியிடம் போனேன்.

"கண்ணுக்குத் தெரியாத எழுத்தா? ஜோசியக்காரன் கெட்டான் சார் உங்ககிட்ட" என்றார்.

ஆபீஸ் மூலையில் ரெக்ஸின் உறை போட்டு ஒரு ஹால்டா இருந்தது. அவர் அப்பா காலத்து மெஷின். சின்ன வயசில் இவரே அதில் எல்.ஆர். அடித்திருக்கிறார். உறையை எடுத்துத் தூசி தட்டி, ஒரு காகிதம் செருகி 'சேலம்' என்று அடித்தேன். நெம்புகோலைத் தொடாமல், வண்டியை மட்டும் கையால் பிடித்து ஆரம்பத்துக்குத் தள்ளி, 'ஈரோடு' என்று அடித்தேன். சேலத்தின் மேலேயே ஈரோடு விழுந்து இரண்டும் படிக்க முடியாமல் போயிற்று. "இது பதின்மூணு." பிறகு வண்டியை விட்டுவிட்டு உருளையை மட்டும் ஒரு பல் திருகி 'கரூர்' என்று அடித்தேன். ஈரோடு முடிந்த இடத்துக்குக் கீழே, மாடிப்படி மாதிரி இறங்கி விழுந்தது. "இது பத்து."

கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தார்.

"அப்ப, டிங் அடிச்சதும் தள்ளுவமே, அதைப் போய் அது எழுதி வெச்சிருக்கு."

"ஆமாம்."

"மெஷினே இல்லாம?"

"மெஷினே இல்லாம."

படிப்பு எட்டாம் கிளாஸ். இத்தனை வருஷத்தில் நான் விளக்கியவர்களில் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவர் வேறு யாரும் கிடையாது. அடுத்து அவர் கேட்டதும் சரியான கேள்விதான்.

"அதிருக்கட்டும் சார். லிஸ்ட்டு அவன் அடிச்சது. ஸ்கிரிப்ட்டு நீங்க எழுதினது. ஃபோல்டர் இல்லைன்னா 'இல்லை'ன்னு சொல்ல வேண்டியதுதானே? எழுபத்து மூணு நாளா ஏன் அது வாயைத் திறக்கலை?"

என்னிடம் பதில் இல்லை. அவர் குரலை உயர்த்தவும் இல்லை. உயர்த்தியிருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஸ்கிரிப்ட்டைச் சரி செய்யப் பத்து நிமிஷம் ஆகவில்லை. பட்டியலைப் படிக்கும்போதே பதின்மூன்றுகளை வடிகட்ட 'டிஆர்' என்று ஒரு குட்டிக் கட்டளை உண்டு. ஃபைலையே மாற்ற 'டாஸ்-டு-யுனிக்ஸ்' உண்டு. ஃபோல்டர் இல்லாவிட்டால் ஊர் பெயரைச் சொல்லி அலறிவிட்டு அங்கேயே நிற்க இரண்டு வரி எழுதினேன். எழுபத்து மூன்று நாள் கணக்குக்கு அப்படிக் குறுக்கு வழி இல்லை. பத்து கிளையிலிருந்தும் கார்பன் காப்பிகளை மூட்டை கட்டி வரவழைத்து, இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஆறு வாரம் அடித்தார்கள். மூன்று சனி ஞாயிறு நானும் போய் அடித்துக் கொடுத்தேன். லோயர் கொஞ்சம் பிரயோஜனப்பட்டது.

அதற்குப் பிறகு உலகம் சற்று முன்னேறியிருக்கிறது. 1985-ல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்த நோட்பேட், 2018-ல்தான் பத்து மட்டும் இருந்தாலும் அதை வரி முடிவாக ஏற்றுக்கொள்ளப் பழகியது. அதற்கு முப்பத்து மூன்று வருஷம். ஸ்கிரிப்ட்களைப் பகிர்ந்துகொள்ள இப்போது எல்லாரும் உபயோகிக்கிற 'கிட்' விண்டோஸில் ஒரு கூடுதல் உபகாரம் செய்யும். வெளியிலிருந்து ஒழுங்காக வருகிற யுனிக்ஸ் ஃபைல்களுக்கு, கேட்காமலே பதின்மூன்றைப் பூசி உள்ளே விடும். 'ஷெல் ஸ்கிரிப்ட்களை மட்டும் தொடாதே, பத்தோடு விடு' என்று கிட்அட்ரிப்யூட்ஸ் என்கிற ஃபைலில் ஒரு வரி எழுதிவைத்தால் கேட்டுக்கொள்ளும். உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது விண்டோஸில் ஷெல் ஸ்கிரிப்ட் ஓட்டினால் முதலில் அந்த வரியை எழுதச் சொல்லுங்கள். உற்சாகத்தில் எல்லா ஃபைலையும் பத்துக்கு மாற்றிவிடவும் வேண்டாம். விண்டோஸின் சொந்த 'பேட்ச்' ஃபைல்களில் பதின்மூன்று இல்லாவிட்டால், சில சமயம் அதற்குத் தான் போக வேண்டிய இடம் தெரியாமல் முழிக்கும். மின்னஞ்சலுக்கோ 1982-ல் எழுதிய விதிப்படி ஒவ்வொரு வரியும் பதின்மூன்று-பத்து என்றே முடிய வேண்டும். நீங்கள் இன்று காலை அனுப்பிய மெயிலிலும் வண்டி திரும்பியிருக்கிறது, வரிக்கு வரி.

பையனை மறுநாளே கூப்பிடச் சொன்னேன். போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் அவன் அம்மா எடுத்து, திருப்பூரில் மாமா பார்த்துச் சேர்த்துவிட்ட பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்று ஒரு நம்பர் கொடுத்தார். முதலாளி பேசினார். பாக்கிச் சம்பளத்தோடு ஒரு மாசம் கூட்டியே தருகிறேன், திரும்பி வா என்றார். பணத்தை வாங்கிக்கொண்டான், வேலைக்கு வரவில்லை. எனக்கும் ஒரு தரம் பேசினான். நடந்ததை முழுக்க சொன்னேன். 'ஸ்கிரிப்ட்ல தப்பு எதுவும் இல்லையே' என்று அன்றைக்கு நான் சொன்னதையும் சொல்லி, மன்னிச்சுக்கோப்பா என்றேன். அவனுக்கு அதைவிட அந்தப் பதின்மூன்று சமாசாரத்தில்தான் ஆர்வம் இருந்தது. இரண்டு மூன்று கேள்வி கேட்டான். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம்.

"சார், கடைசியில விழுப்புரம் அடிச்சதும் நான் என்டர் தட்டியிருந்தா?"

"அதுவும் போயிருக்கும். பதினொண்ணும்."

கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப ஒரு ஊரையாவது நான் காப்பாத்தியிருக்கேன் சார்" என்றான். "அதை முதலாளிகிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன்.